வழிநடையும் வழிச்சார்பும்

திருத்தல யாத்திரை மேற்கொள்வார் மலையும் காடும் கடந்து மெய்வருந்தி நடத்தல் தவமாகுமா, அன்றி வெறும் உடல்வருத்தமேயாமா என்னும் வினா இந்நாளில் அன்பர் பலரிடை எழுந்துள்ளது. எழுந்ததற்கு ஏதுவும் உண்டு. சோனப்பிரயாகையினின்று திருக்கேதாரத்திற்கு 12.9 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவட வழியொன்று அமைத்தற்கு 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடுவணரசின் அமைச்சரவை இசைவளித்தது. பழனியில் அன்பர்கள் ரோப்கார் என வழங்குவதன் இனமே இஃது. இது நிறைவேறுமேல், எட்டு ஒன்பது மணி நேரத்து வழி ஏறத்தாழ 36 நிமிடத்திற் கடக்கப்படும் என்கின்றனர்.

இது கேட்ட ஒருசாரார், ‘கேதார தரிசனத்தின் பயன் இனி இல்லையாய்ப் போம், கால் நோவ நடந்தானுக்கன்றோ அஃது உரியது’ என்று இரங்குகின்றனர். மற்றொரு சாரார், ‘திருமுன்பு சென்றடைதலே பயன், எவ்வாறு வந்தான் என்பதை இறைவன் எண்ணுவானல்லன்’ என்கின்றனர். இருசாராரும் சைவர், இருசாரார்க்கும் நூற்றுணையும் உண்டு. ஆயின் இருவருமே, நடப்பானையும் இறைவனையும் மாத்திரம் எண்ணி, அவ்விருவர்க்கும் இடையே நிற்கும் மூன்றாமவனை எண்ணாது விட்டனர். அவன் யாவன் என்பதை அவ்வழியின் பழைய நிலைமையினின்றே தொடங்கிக் கூறுதும்.

கௌரிகுண்டம் வரை மோட்டார் வண்டி செல்லும் இக்காலத்து அன்பர்க்குப் பழைய வழியின் அருமை எளிதிற் புலப்படாது. இற்றைக்கு நூறாண்டுக்கு முன், கேதாரம் பதரி என்னும் இரண்டனையும் வழிபடச் செல்வோர் அரித்துவாரத்தினின்றோ இருடிகேசத்தினின்றோ நடந்தே சென்றனர். கங்கைக்கரை வழியே தேவப்பிரயாகை. அதன்மேல் அலகநந்தைக் கரை வழியே சீநகர், உருத்திரப்பிரயாகை. ஆண்டு மந்தாகினி வந்து கூடுமிடத்தே வழி பிரிந்து அகத்தியமுனி, குப்தகாசி, திரியுகிநாராயணம், கௌரிகுண்டம், இராம்பாடா எனத் தொடர்ந்து, கடன்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தே, பனிமுடி சூழ்ந்த கேதாரத்தை அடையும். மீளுங்கால் உகிமடத்தின் வழியாகச் சோப்தா ஏறித் துங்கநாதந் தொழுது, சமோலிக்கு இறங்கி, சோஷிமடமும் பாண்டுகேசுவரமும் கடந்து பதரி செல்வர். ஒரு வரை ஏறினால் அதற்கப்பால் ஒரு பள்ளம். பள்ளத்தில் இறங்கினால் மற்றொரு வரை. காலையில் வியர்வை, மாலையில் உறைபனி. மழை தொடங்கிவிடின் வழியே சரிந்து ஆற்றில் வீழும். ஒரு திங்களுக்குக் குறையாது இவ்வாறு நடத்தல் வேண்டும்.

இவ்வழியிற் சிலசில மைலுக்கு ஒன்றாக அமைந்திருந்த தங்கற்குடில்கள் சட்டி எனப்பட்டன. நம் நாட்டிற் சட்டி என்றால் அடுக்களைக் கலமே நினைவு வரும். அவர் சொல் வேறு, நம் சொல் வேறு. எனினும், அக்குடிலில் தங்கினார்க்குச் சமைக்கும் கலமும் இரவலாகக் கிடைத்தமையின், தென்னாட்டு யாத்திரிகர்க்கு அப்பெயர் பொருந்தாப் பெயராகத் தோன்றியிராது. தாழ்ந்த கூரை, முன்புறம் திறந்த நீண்ட கொட்டில், அதன் ஒரு பக்கத்தே சட்டிக்காரனது கடை. அவன் இடத்திற்கு வாடகை பெறுவானல்லன். மாவும் அரிசியும் பருப்பும் நெய்யும் விறகும் அவன்பாற் கொள்ளல் வேண்டும். கொண்டார்க்கு இடமும் கலமும் அவன் தருவான். உயரம் ஏற ஏற விலையும் ஏறும். ஆடுகளின் முதுகிலும் ஆட்களின் முதுகிலும் ஏற்றிக் கொணர்ந்த பண்டம் அன்றோ! கையிற் பொருளில்லாத துறவியர்க்கும் வறியார்க்கும், கருங்கம்பளிச் சாமியார் தொடங்கிய அறநிலையம் இருடிகேசத்தைத் தலையிடமாகக் கொண்டு, இவ்வழியெங்கும் தருமசாலையும் சதாவிருத்தியும் நடாத்திற்று.

சட்டிக்காரன் செய்தது வாணிகமா, அறமா என்று வழக்கிடுவார் வழக்கிடுக. யாம் அதனை இரண்டாகப் பிரிக்கமாட்டேம். மாலைக்குள் அடுத்த குடிலை எய்தாதவன் குளிரால் மாள்வான் என்னும் வழியில், கதவைத் திறந்து வைத்திருப்பதே முதலறம். மாவின் விலையில் ஓரணா மிகுதியாகக் கொண்டமை அதற்குப் பின்னரே எண்ணத்தக்கது.

இனி முதற்சாரார் கொள்கையை ஆராய்வாம். அவர் கூறுமாறு: ‘நுகர்வினை நுகர்ந்தாலன்றிக் கழியாது. மலைவழியில் உறும் பசியும் குளிரும் கால்நோவும் நுகர்ச்சியே. ஆகலின் அவ்வளவிற்கு வினை கழியும். கழியவே மலபரிபாகம் விரையும்.’ இது கேட்டற்கு இனிதாயிருக்கின்றது. ஆயினும், தானே வந்த துன்பத்தை நுகர்தல் வேறு. துன்பத்தைத் தேடிச் சென்று கைக்கொள்ளுதல் வேறு. தேடிக்கொண்டதனை ‘யான் பொறுத்தேன், யான் கடந்தேன்’ என்னும் செருக்கோடு நுகர்வானாயின், பழவினை ஒருபடி கழிய ஆகாமியம் இருபடி ஏறும். குதிரின் கீழ்வாயிலால் நெல்லை வாங்கி அதன் மேல்வாயிலிற் கொட்டுகின்றவன், குதிர் எப்பொழுது காலியாகும் என்று எதிர்நோக்கியிருத்தல் போலும் இது.

அன்றியும், வருத்தமே தவமாயின், மலைநாட்டுச் சுமையாளன் ஒரு பருவத்தில் எத்துணை முறை அவ்வழியை ஏறி இறங்குகின்றான்! அவன் முதுகிலிருப்பது தன் சுமையுமன்று. யாத்திரிகனைத் தாங்கி ஏறும் கோவேறு கழுதையோ அவனினும் பெருவருத்தம் உறுவது. வருத்தத்தை அளவுகோலாகக் கொள்வார், தம்மினும் அக்கழுதையே வீட்டிற்கு அணித்தாயது என்று ஒப்புதல் வேண்டும். அவ்வாறு ஒப்பத் துணிந்தாரை யாம் இதுகாறும் கண்டிலேம்.

‘அற்றேல், நாவுக்கரசு நாயனார் கயிலைச் செலவிற்கு என் கூறுதிர்?’ என்பர். நன்றே வினவினர். திருத்தொண்டர் புராணம் அதனை உள்ளம் உருகக் கூறுகின்றது. நடந்து பாதந் தேய்ந்தது, கையாற் செல்லக் கையுந் தேய்ந்தது, மார்பினால் ஊர்ந்தார், அதுவும் இயலாதாயபொழுது புரண்டனர். இங்கே இரண்டு கருதத்தக்கன. ஒன்று: அத்துணை வருத்தத்தின் முடிவில் அவர் கயிலையை அவ்வழியாற் சென்று அடைந்தாரல்லர். இறைவன் முனிவர் வடிவில் எதிர்ப்பட்டு மீளுமாறு பணித்தான். மீளேன் என்ற உறுதி கண்டு, அங்குள்ள பொய்கையில் மூழ்குவித்துத் திருவையாற்றில் எழச்செய்து, ஆண்டே கயிலைக் காட்சி நல்கினன். மெய் தேய்ந்தது கயிலைக்குக் கொடுத்த விலையாயின், காவிரிக்கரையில் அதனை வழங்கியது எவ்விலைக்கு? வருத்தம் விலையன்று, அன்பு மீதூர்ந்தவழி உடம்பின் நினைவு ஒழிந்தமைக்கு அடையாளம் மாத்திரையே. மற்றொன்று: காசியிலே தம்மோடு வந்த அடியார்களை ஒழித்துத் தனியே புறப்பட்டார் என்பது. இதனைப் பலர் விரைந்து படித்துக் கடந்துபோகின்றனர். தாம் கொண்ட அருஞ்செலவின் சுமையிற் கூறுபாடு பிறர்மேல் வீழாதபடி முதலில் அவர்களை விலக்கினர் என்றே யாம் கொள்வேம்.

கேதாரத்தைப் பற்றியே கூறின் பின்னும் தெளிவாம். அதனைத் தேவாரத் திருப்பதியாக்கிய பதிகங்கள் சம்பந்தப் பிள்ளையாரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் அருளியவை. அவ்விருவருமே திருக்காளத்தியில் இருந்துகொண்டு வடநாட்டுப் பதிகளை நினைந்து பாடினர் என்பது புராணம் கூறும் வரலாறு. இமயத்தின்கண் ஓரடியும் வையாத திருவடிகளால் அத்தலம் நமக்கு உரியதாயிற்று. கால்நோவே பயன் என்பார் இதனை ஒருகால் நினைவாராக.

இவ்வாறு கூறியதனால் இரண்டாம் சாரார் தம் கொள்கை வென்றது என மகிழற்க. ‘எவ்வாறு சென்றாலும் ஒக்கும்’ என்பது அதனினும் பிழைபட்டது. ஏன் எனின், ஒருவன் செல்லும் முறையினால் வரும் துன்பத்தை அவனே நுகர்வானாயின் அஃது அவன் பாடு என்று விடலாம். மலைவழியில் அஃது அவனோடு நிற்பதில்லை. இதற்கு நம்மவர் தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியையே காட்டுவல்.

உருத்திரப்பிரயாகைக்கு இரண்டு மைல் இப்பால், யாத்திரை வழியில் கோலாப்ராய் என்னும் சிற்றூரில், பண்டிதர் ஒருவர் யாத்திரிகர் தங்கும் குடிலொன்றை நடத்தி வந்தனர். அக்காலத்து அந்நிலப்பரப்பில் ஒரு சிறுத்தை ஆட்கொல்லியாய்த் திரிந்தது. 1918 முதல் 1926 வரை 125 மக்களை அது கொன்றது. பொழுது சாய்ந்தால் ஊர்கள் கதவடைத்து ஓசையற்றுக் கிடக்கும். இறுதியில் அதனைச் சுட்டு வீழ்த்திய ஜிம் கார்பெட் என்பார், தாம் எழுதிய நூலில், அப்பண்டிதர்க்கு நேர்ந்ததனைக் குறித்து வைத்துள்ளார்.

1921-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு மாலை, சென்னை நாட்டினின்று வந்த யாத்திரிகர் பதின்மர் கால் புண்பட்டுக் களைத்துக் கோலாப்ராயை அடைந்தனர். அன்றிரவு அங்கே தங்குவோம் என்றனர். பண்டிதர், இன்னும் இரண்டு மைல் சென்றால் உருத்திரப்பிரயாகையிற் காவலான இடம் உண்டு, செல்லுமின் என்று வேண்டினர். தம் குடிலில் மேலும் உயிரிழப்பு நேரின் அதற்கு இழிபெயர் வரும் என்னும் அச்சமே அவர் அவ்வாறு கூறியதற்குக் காரணம் எனக் கார்பெட் மறையாது எழுதுகின்றார். பதின்மரும் அசைந்திலர், ஓரடியும் இனி எடுத்து வையேம் என்றனர். முடிவிற் பண்டிதர் அவர்களைத் திறந்த கொட்டிலில் விடாது, தம் வீட்டினுள்ளேயே சேர்த்துக்கொண்டனர். சிறிய அறை, அடைத்த கதவு, வெம்மை மிக்க இரவு. மூச்சு முட்டவே, நள்ளிரவிற் பண்டிதர் கதவைத் திறந்து புறத்தே வந்து, படியின் இருபுறமும் நின்ற தூண்களைக் கைகளாற் பற்றிக் காற்றை உட்கொண்டனர். அந்நொடியே சிறுத்தை அவர் தொண்டையைக் கவ்விற்று. தூண்களை விடாது பற்றியபடியே காலால் உதைத்து அதனைப் படிக்கீழ்த் தள்ளினர். யாத்திரிகர் அவரை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டனர். விடியுமளவும் அவர் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தனர். புறத்தே சிறுத்தை உறுமிக் கதவைக் கீறிக்கொண்டிருந்தது. காலையில் அவரைச் சுமந்து உருத்திரப்பிரயாகையிலிருந்த கருங்கம்பளி நிலையத்து மருத்துவமனையிற் சேர்த்தனர். மூன்று திங்கள் தொண்டையிற் செருகிய வெள்ளிக் குழாயின் வழியே உணவு ஊட்டப்பட்டது. ஆறு திங்கள் கழித்து, உடல் நலங்குன்றித் தலை நரைத்து ஊர் மீண்டனர்.

அன்றிரவு தவஞ்செய்தார் யாவர்? சென்னை நாட்டார் பதின்மரையும் குறை கூறுதல் எமது கருத்தன்று. உள்ளே இழுத்து உயிர் காத்தாரும் அவரே. சுமந்து சென்றாரும் அவரே. நெடுவழி நடந்த காலின் நோவு நடந்தார்க்கே தெரியும். ஆயினும் உண்மை இஃது: அவர் நடவாதொழிந்த இரண்டு மைல் பண்டிதர் தொண்டையின்மேற் சென்றது. ஊர் திரும்பிய பின்னர் அவர்தம் சுற்றத்தார் அவர்கள் காலில் வீழ்ந்து கேதார பதரிப் புண்ணியத்திற் பங்கு வேண்டியிருப்பர். நம் நாட்டு வழக்கம் அதுவே. வெள்ளிக் குழாயால் உண்டவர் காலில் வீழ்ந்தார் யார்?

பண்டிதரது எண்ணம் முற்றும் தூயதன்று, இழிபெயர்க்கு அஞ்சியே முதலில் மறுத்தார் என்று ஒருவர் தடை நிகழ்த்தக்கூடும். ஆம்; அதனாலேயே இந்நிகழ்ச்சி எமக்கு அருமையுடையதாகத் தோன்றுகின்றது. புராணத்து வள்ளலாக இருந்திருப்பின் நாம் வணங்கிவிட்டு அப்பாற் செல்வோம். இவர் கணக்குப் பார்த்த மனிதர், மறுத்தார், மறுத்தும் வந்தவர் களைப்பைக் கண்டபின் தம் வீட்டுக் கதவையே திறந்தார். செல்வழியிற் காணும் அறம் பெரும்பாலும் இத்தன்மையதே. சரியை நெறியில் நிற்பார் செய்யும் தொண்டும் தொடக்கத்தில் இவ்வாறு கலப்புடையதாகவே இருக்கும்.

சித்தாந்த நூல்கள் உயிரின் இயல்பை உணர்த்துங்கால், சார்ந்ததன் வண்ணமாதல் என்று ஓதும். பளிங்கு தனக்கென ஒரு நிறமின்றி அடுத்ததன் நிறங் கொள்ளுதல் போல, உயிர் மலத்தைச் சாரின் மலமாயும் சிவத்தைச் சாரின் சிவமாயும் நிற்கும். எதனையும் சாராது தானே நிற்றல் அதற்கு எஞ்ஞான்றும் இல்லை. யாம் மடத்திற் பாடங் கேட்ட நாளில் எம் ஆசிரியர் இவ்விடம் வந்தவுடன், ‘சாராது நிற்கும் உயிர் ஒன்று காட்டுக’ என்று வினவி, நெடும்பொழுது வாளா இருப்பர். யாம் அனைவேமும் சுவரிலும் தூணிலும் சாய்ந்திருப்பதை அப்பொழுதுதான் உணர்ந்து நிமிர்ந்திருப்பேம்.

குடிலினின்று குடிலுக்கு நடக்கும் மலைவழி இவ்வுண்மையை ஏட்டின்றிக் கற்பிக்கும். ஊரில் இருப்பான் ‘என் வீடு, என் அடுப்பு, என் கிணறு’ என்று அவற்றின்மேல் நிற்பதால், தான் எதனையும் சார்ந்திருப்பதாக அறியான். மலைவழியிலோ ஒவ்வொரு மாலையும் பிறன் கூரை, பிறன் விறகு, பிறன் கலம். இன்றைய குடில் நாளை தனதன்று. நேற்றுத் தன்னை ஏற்ற சட்டிக்காரன் முகம் இன்று மறந்துபோம். ஆயினும் அவன் ஏற்றிராவிடில் இன்று இவன் இல்லை. இதனை உணர்ந்து நடப்பானுக்கு அவ்வழி முழுவதும் ஞானபாதத்தின் புறவாயிலாம். உணராது, ‘இத்தனை மைல் யான் நடந்தேன்’ என்று எண்ணிவைப்பானுக்கு, அது யான் எனது என்னும் இரண்டனையும் பின்னும் தடிப்பிக்கும். வழி ஒன்றே.

இது தமிழர்க்கோ சைவர்க்கோ மட்டும் வெளிப்பட்டதென்று கொள்ளற்க. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் கடக்கும் பெரிய சான் பெர்னார்டு கணவாயில், 2,469 மீட்டர் உயரத்தே, பதினொன்றாம் நூற்றாண்டிற் பெர்னார்டு என்னும் துறவி நிறுவிய வழிப்போக்கர் விடுதி இன்றும் நடைபெறுகின்றது. அம்மலைகளில் இக்காலத்துப் பலர் எக்கடவுளையும் நாடாது, மலைமேல் நடத்தல் ஒன்றனையே விரும்பி, பன்னாள் குடில் குடிலாகச் செல்கின்றனர். அவரை வீண்செயலார் என நம்மவர் சிலர் எள்ளுவது கேட்டுளேம்; எமக்கு உடன்பாடில்லை. அக்குடில்களைக் காப்பார் குளிர்காலத்திற் கீழிறங்கிச் செல்லுங்கால், பலவற்றில் ஓரறையை மட்டும் வழிப்போக்கர்க்கென விட்டுவைப்பது மரபு. உள்ளே அடுப்பும் விறகும் கம்பளியும் இருக்கும். கேட்பாரோ பார்ப்பாரோ இரார். தங்கினவன் தான் கொடுக்கற்பாலதனைப் பெட்டியில் இட்டு, அறையைத் துடைத்து, அடுத்து வருவானுக்கு விறகு பிளந்து வைத்துச் செல்லுதல் வேண்டும். அடுத்து வருவான் யார் என்பதை இவன் அறியான்; இவன் யார் என்பதை அவனும் அறியான். பனிக்காற்றில் நின்று, தான் குளிர்காயப்போகாத விறகைப் பிளப்பவன் செயலுக்கும் நம் நிட்காமியத்திற்கும் எத்துணைத் தொலைவு உளது என்பதை அன்பர்களே அளந்து கொள்க.

மீண்டும் கேதார வழிக்கு வருவாம். 1962-ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் மலைநாட்டில் மோட்டார்ப் பாதைகள் விரைந்து பெருகின. நடப்பார் ஒழியவே சட்டிகளும் ஒழிந்தன. கௌரிகுண்டத்திற்கு மேற்பட்ட வழி ஒன்றே நடைவழியாய் எஞ்சியது. 2013-ஆம் ஆண்டு ஜூன் 16, 17 ஆகிய இரு நாளில், பெருமழையோடு கேதாரத்திற்கு மேலுள்ள சோராபாரி ஏரியும் உடைந்து மந்தாகினி பெருகியபொழுது, அவ்வழியின் நடுவே பழந்தங்கலிடமாயிருந்த இராம்பாடா இருந்த இடந் தெரியாது அழிந்தது. அவ்வெள்ளத்தால் அம்மாநிலத்தில் இறந்தாரும் காணாதொழிந்தாருமாக ஐயாயிரவர்க்கு மேற்பட்டோர். அவர்களுள் யாத்திரிகரை மாத்திரமே நாம் எண்ணி இரங்கினோம். பருவகாலத்துப் பிழைப்பிற்காகக் கடை வைத்தும் சுமை தூக்கியும் அங்கிருந்த மந்தாகினிப் பள்ளத்தாக்கு ஊரார் எத்துணையர்! ஆடவரை இழந்து பெண்டிரும் சிறாருமே எஞ்சிய குடிகள் அவ்வூர்களில் மிக்கன. கோலாப்ராயில் ஒருவர் தொண்டையில் நிகழ்ந்தது ஈண்டு ஊர்கள்மேல் நிகழ்ந்தது.

வெள்ளத்திற்குப் பின் ஆற்றின் மறுகரையில் அமைத்த புதுவழி ஏறத்தாழ 16 கிலோமீட்டர். பழையதனினும் நீண்டதும் செங்குத்தானதும் ஆகும். அதிலே நடக்கலாற்றாதார் பெரும்பாலும் குதிரையையும் கோவேறு கழுதையையும் நாடுகின்றனர். 2022-ஆம் ஆண்டு யாத்திரைப் பருவத்தில் மாத்திரம் நூற்றுக்கு மேற்பட்ட விலங்குகள் ஓய்வின்மையாலும் நோயாலும் சுமை மிகுதியாலும் அவ்வழியில் மாண்டன. நயினிதாலிலுள்ள உயர்நீதிமன்றம் வரை அவ்வழக்குச் சென்றது. ஒரு நாளில் ஒரு முறை ஏறற்பாலதனை இருமுறை ஏற்றுதலும், இளைப்பாற்றாது அடித்து ஓட்டுதலும் அதற்குக் காரணம் என்றனர். மேலே அமர்ந்திருந்தவன் வாயிற் பஞ்சாக்கரமே இருந்திருக்கும். கொல்லாமையை உயிராகக் கொண்ட சமயத்தார் நாம். உண்ணும் ஊனுக்காக மடியும் விலங்கினை எண்ணி வருந்துவேம். நம்மைக் கேதாரநாதன் திருமுன்பு சேர்த்துவிட்டு மடிந்ததனை எக்கணக்கில் வைப்பது?

ஆகலின், கம்பிவட வழி வருமேல் எழும் வினா, பயன் குறையுமா குறையாதா என்பதன்று. முதியோர் ஒருவர் அதனில் ஏறிச் செல்லுதல், இளைஞன் ஒருவன் இளைத்த கழுதையின்மேல் ஏறிச் செல்லுதலினும் அறத்தொடு பட்டதே என்பது எமது துணிபு. எனினும் அதனால் எல்லாம் செம்மையாகிவிடும் என்றும் கூறமாட்டேம். விலங்குகள் உய்யும், விலங்கினை ஓட்டியும் சுமந்தும் அடுப்பு மூட்டியும் வாழும் மலைக்குடிகள் எங்ஙனம் உய்வர்? மோட்டார்ப் பாதையால் சட்டிகள் ஒழிந்த நாளில் அவ்வினாவை எவரும் வினவிற்றிலர். நடத்தற்குக் காலுள்ளார், தங்கள் சுமையைத் தாமே தாங்கி, இடையிடையே அவர் கடையில் உண்டு, அவர் குடிலில் தங்கி, இரண்டு நாளாயினும் மூன்று நாளாயினும் மெல்ல ஏறுவாராயின், அதனால் வரும் கால்நோவைப் பற்றி யாம் ஒன்றும் கூறேம்; அவர் கொடுக்கும் விலையை மலையார் பேரம் பேசாது பெறுவர் என்பது மாத்திரம் அறிவேம்.

நடக்கவும் விலங்கேறவும் இயலாதார்க்குக் கண்டி என்னும் ஒரு முறை இன்றும் அங்குண்டு. மூங்கிலாலோ பிரம்பாலோ முடைந்த கூடையை மலையாளன் ஒருவன் முதுகிற் கட்டிக்கொள்ள, யாத்திரிகர் அதனுள் அமர்வர். சுமப்பவன் கோலூன்றிக் குனிந்து, அடுத்த படியையன்றி மற்றொன்றையும் நோக்காது ஏறுவான். கூடையில் இருப்பவர் பின்புறம் நோக்கியே இருத்தலின், கடந்த வழியையும் கீழே சுருங்கிவரும் ஆற்றையும் காண்பர். தம்மைத் தாங்குவான் முகத்தைக் காணார். அவன் மூச்சு மட்டும் முதுகிற்குப் பின்னே கேட்டுக்கொண்டிருக்கும். தேநீர்க் கடையொன்றின் திண்ணையிற் கூடையை இறக்கி, அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துத் திரும்புகின்றபொழுதுதான் ஒருவரை ஒருவர் பார்க்கின்றனர்.